மே மாதக் கூட்டத்துக்கா, ஜூலை மாத ஞாயிற்றுக்கா: பழைய கோயிலை முன்வைத்து மூன்று யோசனைகள்

எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோயிலின் பிரதிஷ்டைப் பண்டிகை மே மாதத்தில் வரும். சென்னை, கோவை, மும்பை, வளைகுடா நாடுகள் என்று பிழைப்புக்காகப் போனவர்கள் அந்த நான்கு நாள்களுக்குப் பிள்ளைகுட்டிகளோடு ஊர் வந்து சேருவார்கள். கோயிலுக்குள் இடம் போதாமல் பந்தலிலும் வேப்பமரத்தடியிலும் நாற்காலி போட்டு ஆராதனை நடக்கும். கடந்த பண்டிகையின் கடைசி இரவில், அசனம் என்னும் பொது விருந்துக்குச் சோறு வடித்த அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது, வெளியூரில் வாழும் நான்கைந்து பேர் எங்கள் சேகரத்தின் (பல ஊர்ச் சபைகள் சேர்ந்த பிரிவின்) குருவானவரிடம் வந்து, பழைய கோயிலை இடித்துவிட்டுப் பெரிதாகப் புதுக்கோயில் கட்டலாம் என்றும், பணத்தின் பெரும்பகுதியைத் தாங்களே திரட்டித் தருவதாகவும் சொன்னார்கள். அன்றிலிருந்து எங்கள் சபை மன்றத்தில் வேறு பேச்சே இல்லை.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். சபை மன்றத்தில் இப்போது மூன்றாவது முறையாக உறுப்பினனாக இருக்கிறேன். பாளையங்கோட்டைக்குத் தெற்கே தேரிக்காடு வரை பரவியிருக்கும் சேகரங்கள் பலவற்றிலும் இதே கேள்வி ஏதோ ஒரு வடிவத்தில் எழுந்திருப்பதை உறவினர்கள், பழைய மாணவர்கள் வழியாக அறிவேன். அதனால் எங்கள் மன்றத்தின் முன் இருக்கும் மூன்று வழிகளையும் ஒப்பிட்டு எழுதுவது பிறருக்கும் பயன்படலாம் என்று நினைக்கிறேன். எங்கள் பக்கத்தில் பேசும்போது கோயில் என்றுதான் சொல்வோம். ஆலயம் என்பது அழைப்பிதழில் அச்சாகும் சொல். இங்கும் கோயில் என்றே எழுதுகிறேன்.

முதல் வழி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய கோயிலை இடித்துவிட்டு அதே இடத்தில் கான்கிரீட்டில் பெரிய கோயில் எழுப்புவது. இரண்டாவது, பழைய கோயிலை முறையாகப் பழுதுபார்த்து, உள்ளே சில மாற்றங்கள் செய்து, வாரம் முழுவதும் அதைப் புழங்குவது. மூன்றாவது, பழைய கோயிலில் அவசரப் பழுதுகளை மட்டும் சரிசெய்துவிட்டு, ஊரிலிருந்து நான்கு கிலோமீட்டரில் நெடுஞ்சாலையை ஒட்டி வளர்ந்திருக்கும் புதுக் குடியிருப்பில் கிளைச்சபை ஒன்று தொடங்குவது. நான்காவதாக, ஒன்றும் செய்யாமல் விடுவது என்ற வழி எப்போதும் உண்டு; பல ஆண்டுகளாக நாங்கள் பின்பற்றிவந்தது அதைத்தான். மழைக்காலத்தில் பலிபீடத்தின் அருகே வாளி வைக்க வேண்டியிருப்பதால் அதைப் பற்றி மேலே எழுதத் தேவையில்லை.

ஒப்பிடுவதென்றால் அளவுகோல் வேண்டும். மன்றக் கூட்டங்களில் பணம், பரப்பளவு, எத்தனை பேர் உட்காரலாம் என்ற மூன்றுமே அளவுகோலாகிவிடுகின்றன. சபை எதற்காக இருக்கிறது என்ற கேள்வி ஆரம்ப ஜெபத்தில் வருகிறது, பிறகு வருவதில்லை. திருநெல்வேலிச் சீமையின் சபை வரலாறு இந்த விஷயத்தில் தெளிவாகவே பேசுகிறது. 1780ஆம் ஆண்டில் பாளையங்கோட்டைச் சபையின் பதிவேட்டில் எழுதப்பட்ட பெயர்கள் 40. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஜெர்மானிய மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற பிராமணப் பெண்மணி குளோரிந்தா அம்மையார் அந்த நாற்பதில் ஒருவர். அவர் முயற்சியால் எழுந்த கோயில் பிரதிஷ்டை செய்யப்பட்டது 1785இல். பெயர்ப்பட்டியலுக்கும் கட்டடத்துக்கும் இடையே ஐந்து ஆண்டுகள் இருக்கின்றன. சபை முதலில் உண்டாயிற்று, சுவர் பிறகு வந்தது. அதன்பின் ஊர் ஊராகத் தோன்றிய ஜெபவீடுகள் பெரும்பாலும் பனையோலை வேய்ந்த கொட்டகைகள். வாரநாளில் அங்கே பிள்ளைகள் மணலில் எழுத்துப் பழகினார்கள், ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் ஜெபித்தார்கள்.

இன்னொரு தேதியும் எங்கள் மனத்தில் இருக்க வேண்டியது. 1903 பிப்ரவரி 12ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா அதன் தொடக்கத்தில் முன்னின்றவர். ஹைதராபாத் நிஜாம் சீமையிலிருந்த டோர்னக்கல் பகுதிக்கு, இந்த ஊர்களின் பணத்தில், இந்த ஊர்களின் ஆட்களை அனுப்பினார்கள். அசரியா 1912இல் அங்கேயே பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் முதல் இந்தியப் பேராயர் அவர். தெலுங்கு தேசத்துக்கு ஊழியம் அனுப்பிய அன்றைய வீடுகளில் பலவற்றில் கூரை ஓலைதான். அரிசி களையும்போது ஊழியத்துக்கென்று ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் போட்டுச் சேர்த்த கைப்பிடி அரிசிப் பழக்கம் எங்கள் ஊரில் என் தாயார் காலம் வரைக்கும் இருந்தது. இப்போது அந்தப் பானையின் இடத்தில் ஓர் உறை இருக்கிறது, பல மாதங்களில் அது காலியாகவே திரும்பி வருகிறது.

ஆகவே இரண்டு கேள்விகளை அளவுகோலாக வைத்துக்கொண்டேன். இந்த வழியில் போனால், இப்போது சபைக்கு வெளியே இருப்பவரோ சபைக்குள்ளேயே மறக்கப்பட்டவரோ யார் நெருங்கி வருவார்? இந்த வழியின் செலவெல்லாம் கொடுத்துத் தீர்த்த பிறகு, அனுப்புவதற்கும் கற்பிப்பதற்கும் கையில் என்ன மிஞ்சும்?

முதல் வழிக்கு நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. கூரையின் கைமரங்களில் பாதிக்கு மேல் செல்லரித்திருக்கின்றன. பழைய கோயிலின் வாசற்படி ஐந்தும் உயரமானவை; முழங்கால் வலிக்காரர்களைக் கைத்தாங்கலாகத்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது. தூண்கள் மறைப்பதால் பின்னால் உட்காருபவர்களுக்குப் பீடம் தெரிவதில்லை. இவற்றைவிட முக்கியமான ஒன்று உண்டு. வெளியூரில் இருப்பவர்கள் ஊரோடு உறவு வைத்துக்கொள்ள விரும்பும் வழி இது. தன் தகப்பன் ஞானஸ்நானம் பெற்ற இடத்துக்குத் தன் சம்பாத்தியத்தில் ஒரு பங்கு போய்ச் சேர வேண்டும் என்ற ஆசையைக் குறைவாக மதிப்பது சரியல்ல. ஊர் முழுவதும் சேர்ந்து சாந்துச்சட்டி சுமக்கும் நாள்களில் பழைய பகைகள் சில தீர்ந்துபோவதையும் பக்கத்து ஊர்களில் கண்டிருக்கிறேன்.

ஆனால் எத்தனை பேருக்கான கோயில் என்ற கேள்வியில் இந்த யோசனை தடுமாறுகிறது. வரைபடத்தில் போட்டிருக்கும் இருக்கைகள் மே மாதப் பண்டிகைக் கூட்டத்தைக் கணக்கிட்டுப் போடப்பட்டவை. ஜூலை மாதத்தின் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலில் வந்து உட்காருகிறவர்களை நான் எண்ணிப் பார்த்தேன். குளோரிந்தா அம்மையார் காலத்துப் பதிவேட்டைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். அவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். ஆண்டில் நான்கு நாள் நிறைவதற்காக மற்ற நாள்களில் பாதிக்கு மேல் காலியாக இருக்கும் மண்டபத்தைக் கட்டுவதா, ஐம்பத்திரண்டு ஞாயிற்றுக்கும் பொருந்தும் கோயிலை வைத்துக்கொண்டு அந்த நான்கு நாளுக்குப் பந்தல் போடுவதா? கல்யாண வீட்டுக் கூட்டத்தை எண்ணி யாரும் அடுப்படி கட்டுவதில்லை.

புதுக்கோயில் வந்தால் இளைஞர்கள் தங்குவார்கள் என்ற வாதத்தையும் அடிக்கடி கேட்கிறேன். எங்கள் வாலிபர்களில் சிலர் ஞாயிறு மாலை சாலையோரத்துப் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறார்கள் என்பது உண்மை. அந்தச் சபை நடப்பது ஒரு தகரக் கொட்டகையில். கட்டடம் அவர்களை இழுக்கவில்லை. அங்கே அவர்கள் பெயர் சொல்லி அழைக்கப்படுகிறார்கள், சாட்சி சொல்ல எழுந்து நிற்க முடிகிறது, வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அன்று மாலையே இரண்டு பேர் வந்து ஜெபிக்கிறார்கள். கான்கிரீட்டும் குளிர்சாதனமும் இதற்கு ஈடாகும் என்று நம்ப என்னால் முடியவில்லை.

பணத்தைப் பற்றி இரண்டு விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். கட்டுவதற்குத் தருகிறோம் என்பவர்கள் பராமரிப்புக்கும் தருவோம் என்று சொல்லவில்லை. மின்கட்டணமும் வெள்ளையடிப்பும் பழுதும் ஊரில் இருக்கும் குடும்பங்கள் சபைக்குச் செலுத்தும் சங்கக் காணிக்கையிலிருந்துதான் போக வேண்டும். இப்போதே திருமண்டலத்துக்கு, அதாவது பேராயரின் கீழுள்ள நிர்வாகத்துக்கு, செலுத்த வேண்டிய பங்கைக் கட்டுவதற்கு மார்ச் மாதத்தில் மூச்சு முட்டுகிறது. அடுத்தது சட்டம். வளைகுடாவில் வேலை பார்த்தாலும் இந்தியக் குடியுரிமையோடு இருப்பவர் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் கொடுத்தால், அவர் நம்மூர்ப் பிள்ளையாகவே இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். பதிவு பெற்ற அமைப்பின் வழியாக, 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி புதுதில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கென உள்ள கணக்கில்தான் அதைப் பெற வேண்டும். ஊர்க் கணக்கில் நேரே வாங்கிப் போட்டுவிட்டு, ரசீது கொடுத்துவிட்டோமே என்று இருந்துவிட முடியாது. மன்றத்தில் இதைச் சொன்னபோது பலருக்கு இது புதுச்செய்தியாக இருந்தது. பெரிய நன்கொடைப் பட்டியலை நம்பி அஸ்திவாரம் தோண்டும் எந்தச் சேகரமும் கொடுப்பவர்களின் குடியுரிமையை முதலில் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.

இதை யோசிக்கும்போது எனக்கு இடையன்குடிதான் நினைவுக்கு வருகிறது. கால்டுவெல் அங்கே கோயில் வேலையைத் தொடங்கியது 1847இல். பிரதிஷ்டை நடந்தது 1880 ஜூலையில். 33 ஆண்டுகள். பணமும் ஆளும் கிடைத்த அளவுக்கு வேலை நடந்தது, கிடைக்காதபோது நின்றது. ஆனால் அந்த 33 ஆண்டுகளில் பள்ளிக்கூடங்களோ ஊர் ஊராகப் போகும் ஊழியமோ நிற்கவில்லை. அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தது, அவர் மனைவி எலைசா அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தது, 1877ஆம் ஆண்டின் கொடும்பஞ்சம் எல்லாம் அந்தக் கோயில் அரைகுறையாக நின்ற காலத்தில்தான். கட்டடம் காத்திருந்தது, மனிதர் காத்திருக்கவில்லை. எங்கள் முன் இருக்கும் திட்டம் இரண்டே ஆண்டுகளில் முடிந்தாக வேண்டும் என்கிறது. அந்த இரண்டு ஆண்டும் மற்றதெல்லாம் நிற்கும். எண்பது வயதைத் தாண்டிய அம்மாள் ஒருவர் கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டு, "கெட்டி முடிக்கிறதுக்குள்ள எங்கள எங்க உக்கார வைப்பிய? ரெண்டு வருசம்னா நான் பாக்க மாட்டேன்லா" என்று கேட்டார். வரைபடத்தோடு வந்த எந்தத் தாளிலும் அதற்குப் பதில் இல்லை.

சுவர் உண்மையிலேயே பிளந்திருந்தால், அஸ்திவாரம் இறங்கியிருந்தால், முதல் வழியே சரி. ஆபத்தான கட்டடத்துக்குள் சபையைக் கூட்டிவைத்துக்கொண்டு பாரம்பரியம் பேசுவது பாவம். ஆகவே முதலில் சுவரைப் பார்க்க வேண்டும் என்று வாதாடி, சுண்ணாம்பு வேலை தெரிந்த முதிய கொத்தனார் ஒருவரை அழைத்து வந்தோம்.

அவர் வந்த காலைப்பொழுது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எதையும் கேட்காமல் தென்புறச் சுவர் நெடுகக் கரண்டியின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே நடந்தார். சில இடங்களில் கெட்டியாகவும் சில இடங்களில் பொத்தென்றும் சத்தம் வந்தது. ஜன்னலுக்குக் கீழே ஓர் இடத்தில் கரண்டியின் நுனியைச் செருகி நெம்பினார். ஒரு முழ நீளத்துக்குச் சிமெண்டுப் பூச்சு பொருக்காகக் கழன்று விழுந்தது. அதன் உள்பக்கம் முழுவதும் வெள்ளை மாவு தூவினாற்போல் உப்புப் பூத்திருந்தது. அதற்குப் பின்னால் பழைய சுண்ணாம்புப் பூச்சு தெரிந்தது, மேற்பரப்பு சற்று உதிர்ந்திருந்தாலும் இன்னும் வழவழப்பாக. பெருவிரலால் அதைத் தடவிக்கொண்டே சொன்னார்: "சுவத்துல ஒரு கோளாறும் இல்ல சார்வாள். மேல சிமெண்டு பூசியிருக்கானுவள்லா, அதாம் கோளாறு. உள்ள ஏறுன ஈரம் வெளிய போவ வழியில்லாம கெடக்கு."

அந்தச் சிமெண்டுப் பூச்சு பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் மன்றமே, நல்லெண்ணத்தோடு, கோயிலைப் புதுப்பிக்கிறோம் என்று சொல்லிச் செய்தது. நானும் அப்போது கையெழுத்துப் போட்டவன். சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஏறும் ஈரத்தை வெயிலில் வெளியே விட்டுவிடும். சிமெண்டு அதை உள்ளேயே அடைத்து, உப்பைச் சுவருக்குள் தேக்கி, செங்கல்லையும் அரிக்க வைக்கும். ஆகவே இரண்டாவது வழி என்பது வெறும் வெள்ளையடிப்பு அன்று. சிமெண்டைச் சுரண்டி எடுக்க வேண்டும். கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி ஊறவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டித் தண்ணீரும் சேர்த்துப் பழைய முறையில் பூச வேண்டும். செல்லரித்த கைமரங்களை மாற்ற வேண்டும். கருப்பட்டிக்கு இந்தச் சீமையில் பஞ்சமில்லை. சுண்ணாம்பு வேலை தெரிந்த கைகளுக்குத்தான் பஞ்சம். வந்தவர் தமக்குப் பிறகு இந்த வேலையைக் கற்க யாரும் வரவில்லை என்றார்.

செலவு முதல் வழியைவிடக் குறைவு என்பதில் ஐயமில்லை. ஆனால் எவ்வளவு குறைவு என்று முன்கூட்டியே சொல்ல முடியாது, பூச்சைக் கழற்றிப் பார்த்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். நிச்சயமான தொகையைக் கேட்கும் நன்கொடையாளருக்கு இது பிடிப்பதில்லை. பழுதுபார்த்த சுவரில் பெயர்க் கல்வெட்டு பதிக்க இடமும் இல்லை என்று ஒருவர் பாதி விளையாட்டாகச் சொன்னார்.

இந்த வழிக்கு உள்ள உண்மையான ஆபத்து வேறு. பழையதைக் காப்பதே ஊழியம் என்று எண்ணத் தொடங்கிவிடுவோம். சுவரெல்லாம் அழகாகி, பிறந்தநாள் படம் எடுக்க ஆட்கள் வந்துபோகும் இடமாகக் கோயில் ஆகிவிட்டால், இடிப்பதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. அதனால் இரண்டாவது வழியை ஆதரிக்கிற எனக்கு நிபந்தனைகள் உண்டு. கோயிற்கதவு வாரம் முழுவதும் திறந்திருக்க வேண்டும். காலையில், பிள்ளைகள் வெளியூரில் இருக்கத் தனித்து வாழும் முதியவர்கள் வந்திருந்து பேசவும் ஒரு வேளை சேர்ந்து சாப்பிடவும், மாலையில் எந்த மதத்துப் பிள்ளையானாலும் வந்து பாடம் படிக்கவும் இடம் தர வேண்டும். வாசலில் சரிவுப்பாதை அமைக்க வேண்டும். பழைய ஓலைக் கொட்டகையில் வாரநாளும் ஞாயிறும் ஒரே கூரையின் கீழ் இருந்ததுபோல மறுபடியும் இருக்கட்டும். அதற்கான மாதச்செலவு கட்டடச் செலவோடு சேர்த்தே தீர்மானத்தில் எழுதப்பட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது எங்கள் ஊரில் ஒருபோதும் பார்த்துக்கொள்ளப்பட்டதில்லை.

உள்ளே மாற்றம் என்றதும் சிலர் பதறுகிறார்கள். பீடத்தைச் சுவரை விட்டுச் சற்று முன்னால் கொண்டுவந்து, குருவானவர் மக்களைப் பார்த்து நின்று, அப்பமும் திராட்சைரசமும் பகிரும் திருவிருந்தை நடத்தலாம் என்ற யோசனைக்கு, நம் முன்னோர் முறை இதுவல்ல என்று எதிர்ப்பு வந்தது. 1947 செப்டம்பர் 27இல் எங்கள் சபை சார்ந்த தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது வெவ்வேறு மரபுகளைச் சேர்ந்தவர்கள் ஒன்றாக வழிபட வேண்டிவந்தது. அதற்காக 1950இல் வந்த திருவிருந்து ஆராதனை முறைமை, மக்களை நோக்கி நிற்பதையும், கையோடு கை சேர்த்துச் சமாதானம் கொடுப்பதையும் கொண்டுவந்தது. இன்று கை கொடுக்காமல் திருவிருந்து முடிந்தால் எங்கள் பாட்டிமார் கோபித்துக்கொள்வார்கள். முக்கால் நூற்றாண்டுக்கு முன் வந்த மாற்றம் இப்போது முன்னோர் முறையாகிவிட்டது. பழைய சுவருக்குள் புதிய காரியம் நடக்க முடியாது என்று எண்ண வேண்டியதில்லை.

மூன்றாவது வழிதான் என்னை மிகவும் சங்கடப்படுத்துவது. என் அளவுகோலின்படி பார்த்தால் அதுவே முதலிடம் பெற வேண்டும். ஊரிலிருந்து போனவர்களில் எல்லோரும் சென்னைக்குப் போய்விடவில்லை. கணிசமான குடும்பங்கள் நெடுஞ்சாலையோரப் புதுமனைகளில் வீடு கட்டியிருக்கின்றன. அங்கே பல ஊர்களிலிருந்து வந்தவர்களும், செங்கல்சூளையிலும் கடைகளிலும் வேலை செய்யும் வடநாட்டுத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். டோர்னக்கல்லுக்கு ஆள் அனுப்பியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு வேற்றுமொழிக்காரர் நான்கு கிலோமீட்டரில் வந்து தங்கியிருக்கிறார்கள். அவர்களிடம் நாம் செங்கல் விலை தவிர வேறொன்றும் பேசியதில்லை.

கிளைச்சபைக்குப் பெரிய கட்டடம் தேவையில்லை, வாடகை வீட்டின் மாடி போதும். பழைய கோயிலை விட்டுவிடவும் தேவையில்லை. பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸ் ஐயர் 1826இல் ஊசிக்கோபுரக் கோயிலைக் கட்டியபோது குளோரிந்தாவின் சிறிய கோயில் இடிக்கப்படவில்லை. இன்றும் மக்கள் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்று சொல்கிறார்கள். இரண்டும் ஒரே நகரத்தில் நிற்கின்றன. புதியது பழையதன் பிணத்தின்மேல்தான் எழ வேண்டும் என்பது இந்தச் சீமையின் வழக்கமாக இருந்ததில்லை.

ஆனால் இந்த வழியின் செலவு மாதாமாதம் வருவது. எங்கள் குருவானவருக்கு ஏற்கெனவே சேகரத்தில் பல சபைகள். ஞாயிறு காலையில் ஒரு கோயிலிலிருந்து மற்றொன்றுக்கு மோட்டார் சைக்கிளில் ஓடிக்கொண்டிருக்கிறார். கிளைச்சபைக்குத் தனியாக ஒரு சபை ஊழியர் வேண்டும், அவருக்குக் கௌரவமான சம்பளம் வேண்டும். கோபுரத்துக்கு லட்சங்கள் தருபவர்கள் ஊழியரின் மாதச் சம்பளத்துக்கு ஆயிரம் ரூபாய் ஒப்புக்கொள்வதில்லை. பின்னாளில் வழிபாட்டுக்கென்றே கட்டடம் எழுப்ப வேண்டுமானால் மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி தேவை. அக்கம்பக்கத்தார் ஒருவர் ஆட்சேபித்தாலும் அது நீண்டுகொண்டே போகும். மனை வாங்கினாலும் சொத்து திருமண்டலத்தின் அறக்கட்டளைப் பெயரில்தான் பதிவாகும் என்பதால் ஊர்க்காரர்களின் ஆர்வம் அங்கேயே பாதி குறைந்துவிடுகிறது.

இதற்கும் கீழே ஒரு தடை இருக்கிறது. கூட்டத்தில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. எங்கள் சீமையின் பல ஊர்களைப் போலவே எங்கள் ஊர்க் கோயிலும் ஒரே சமூகத்தாரின் கோயிலாக இருந்துவந்திருக்கிறது. சட்டத்தில் அப்படி இல்லை, போதனையில் நிச்சயமாக இல்லை, வழக்கத்தில் இருக்கிறது. நெடுஞ்சாலையோரத்தில் தொடங்கும் சபைக்கு அந்த வழக்கம் கூடவே போக முடியாது. அங்கே யார் வருவார், யார் மன்றத்தில் உட்காருவார், யார் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும் என்பதெல்லாம் புதிதாக நிகழும். அதனால்தான் அது சுவிசேஷத்துக்கு நெருக்கமான வழி என்று நான் நினைக்கிறேன், அதே காரணத்தால்தான் எங்கள் மன்றம் அதைத் தொடத் தயங்குகிறது. "இடம் தூரம்" என்று சொல்லப்படுகிறது. நான்கு கிலோமீட்டரில் இருக்கும் கடைக்கு வாரம் மூன்றுமுறை போய்வருகிறவர்கள்தாம் அப்படிச் சொல்கிறார்கள்.

எந்த வழியானாலும், எடுக்கும் முறை தவறினால் எடுத்த முடிவும் கெட்டுவிடும். ரேனியஸ் வரலாறு இதற்குச் சான்று. ஊர்களை நிறுவியவர், தரும சங்கம் ஏற்படுத்தியவர், பள்ளிகளைப் பெருக்கியவர். இங்கிலாந்துத் திருச்சபையின் முறைகளையும் குருப்பட்ட ஒழுங்கையும் பற்றிய கருத்து வேறுபாட்டினால் 1835இல் அவரை அனுப்பிய சி.எம்.எஸ். என்ற இங்கிலாந்து மிஷனரி சங்கமே அவரை விலக்கியது. ஆர்க்காட்டுப் பக்கம் போனவரை உள்ளூர்ப் போதகர்களான உபதேசிமார்கள் திரும்ப அழைத்துக்கொண்டார்கள், சபை இரண்டாகப் பிரிந்தது. 1838இல் அவர் இறந்த பிறகு, பிரிந்தவர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்து சேர்ந்தார்கள். இரு தரப்பாரும் ஊழியத்துக்காகத்தான் பேசினார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரே தெருவில் இரண்டு மணி அடித்த ஊர்களின் கதை எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது.

எங்கள் மன்றத்திலும் இப்போதே, இடிக்க வேண்டாம் என்பவர்கள் வளர்ச்சிக்கு எதிரிகள் என்றும், இடிக்கலாம் என்பவர்கள் பணத்திமிர் பிடித்தவர்கள் என்றும் பேச்சு தொடங்கிவிட்டது. இரண்டும் பொய். குருவானவர் எந்தப் பக்கமும் சாயாமல் நடத்துகிறார். அது நல்லது, ஆனால் போதாது. சில ஆண்டுகளில் அவர் மாற்றலாகிப் போவார், அடுத்தவர் வேறு எண்ணத்தோடு வருவார். முடிவைச் சுமக்கப்போவது ஊரில் இருக்கும் குடும்பங்கள் என்பதால், வாக்கு அவர்களுக்கு மட்டுமே இருக்க வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வெளியூரில் இருப்பவர்களின் கருத்தைக் கேட்டு, கூட்டத்தில் வாசிக்க வேண்டும். நன்கொடையின் அளவு வாக்கின் அளவாகக் கூடாது. மூன்று வழிகளையும் ஒரே தீர்மானத்தில் போட்டுக் குழப்பாமல் தனித்தனியாக முன்வைக்க வேண்டும். கையைத் தூக்கச் சொல்லாமல் சீட்டில் எழுதி வாங்க வேண்டும். மகன் அனுப்பும் பணத்தில் வாழும் தாய், மகனுடைய நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது கையைத் தூக்க மாட்டாள்.

என் சீட்டில் இரண்டாவது வழியை எழுதுவேன். மூன்றாவதைவிட அது மேலானது என்பதற்காக அன்று. இன்றைய நிலையில் நாங்கள் தாங்கக்கூடியது அது, மூன்றாவதற்குப் போகும் வாசலை அடைக்காததும் அது. முதல் வழியில் போனால் அடுத்த பத்து ஆண்டுகளுக்கு ஒரு சபை ஊழியருக்குச் சம்பளம் கொடுக்க எங்களிடம் காசு இருக்காது. பழுதுபார்ப்பில் மிஞ்சும் தொகையில் ஒரு பகுதியைக் கிளைச்சபை ஊழியரின் முதல் இரண்டு ஆண்டுச் சம்பளமாகத் தனிக்கணக்கில் ஒதுக்க வேண்டும் என்ற துணைத் தீர்மானத்தையும் கொண்டுவர இருக்கிறேன். அதற்கு வழிமொழிய இதுவரை ஒருவர்தான் கிடைத்திருக்கிறார், பெண்கள் ஐக்கிய சங்கத்தின் செயலாளர். கைப்பிடி அரிசிப் பானையை மறுபடியும் வீடுகளில் வைத்தால் மாதத்துக்கு எவ்வளவு தேறும் என்று அவரும் நானும் போன வாரம் ஒரு பழைய நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். சம்பளத்தில் கால்பங்கு வந்தது.

கொத்தனார் இதற்கிடையே இரண்டு முறை தொலைபேசியில் அழைத்துவிட்டார். ஐப்பசி மழைக்கு முன் தென்புறச் சுவரையாவது முடிக்க வேண்டுமானால் சுண்ணாம்பை இப்போதே நீற்றி ஊறப்போட்டுவிட வேண்டுமாம். தீர்மானம் ஆகட்டும் என்றேன். "தீருமானம் என்ன ஆனாலும் சரி சார்வாள், அந்தச் சிமெண்ட மட்டும் உரிச்சுப் போட்டுருங்க" என்றார்.